அமீர் கட்டிய நகரம்

விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரம் என்னும் சிற்றூரில் கிடைத்த நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினது என்று கல்வெட்டறிஞர்கள் அதைக் கணிக்கின்றனர். நடுகல் என்றதும் ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவமே நம் நினைவில் எழும். அரசலாபுரத்துக் கல்லில் நிற்பதோ ஒரு சேவல்! கோழிப் போரில் பொருது மாண்ட சேவலுக்கு உருவம் செதுக்கி, அது எந்தச் சேரியைச் சேர்ந்தது என்பதையும் தொன்மையான தமிழ் எழுத்தில் பொறித்து வைத்திருக்கின்றனர். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் உள்ள 7ஆம் நூற்றாண்டு நடுகல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கள்வரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற நாய் ஒன்றின் உருவம் அதில் இருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

வாயில்லா உயிர்களையும் மறவாத அந்தப் பரிவை நாம் குறை கூற வரவில்லை. அதைப் போற்றவே வேண்டும். ஆயினும் அக்கற்களின் முன் நிற்கும் எவர்க்கும் ஒரு வினா எழாமல் போகாது. பாறையிலிருந்து அக்கல்லைப் பிளந்தவர் யார்? சுமந்து வந்தவர் யார்? உளி பிடித்தவர் யார்? சேவலின் சேரி தெரிகிறது, நாயின் பெயர் தெரிகிறது, கல்லுக்கு உழைத்த மனிதரின் பெயர் தெரியவில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே குன்றைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவும் சேர்க்காமல் இதனை ஆக்கினோம் என்று விசித்திரசித்தன் என்னும் தன் பட்டப்பெயரோடு அவன் பெருமிதம் கொள்ளும் வடமொழிக் கல்வெட்டு அங்குள்ளது. தமிழகக் கட்டடக் கலை வரலாற்றை எழுதுவோர் யாரும் இதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. உலோகம் இல்லை என்கிறது கல்வெட்டு. கட்டடத்தில் உலோகம் இல்லாதிருக்கலாம். அந்தக் கருங்கல்லைக் குடைந்த உளி உலோகம்தானே? அந்த உளியை நாள்தோறும் தட்டித் தீட்டிய கொல்லனும், அதைப் பிடித்துக் கை காய்த்த கல்தச்சனும் கல்வெட்டின் கணக்கில் வரவில்லை.

நம்மவர் கட்டியவற்றில் மட்டும் வேறு நிலை உண்டா? செஞ்சிக் கோட்டைக்குள் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் 1717-18 அளவில் எழுப்பிய அழகிய பள்ளிவாசல் இருக்கிறது. 1714இல் ராஜா தேசிங்கை வென்றபின் எழுந்தது அது. அதிலுள்ள பார்சிக் கல்வெட்டும் கட்டுவித்தவரை நினைவூட்டவே நிற்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. இனி உலகெங்கிலுமிருந்து வருவோர்க்குச் சொல்லப்படும் வரலாற்றில் கோன்கள் வருவர், நாயக்கர் வருவர், பீஜப்பூரார் வருவர், மராட்டியர் வருவர், மொகலாயர் வருவர், நவாபு வருவார். மலையுச்சிக்குக் கல் ஏற்றியவர்கள் வருவார்களா என்று தெரியவில்லை.

மதரஸாக்களில் அணியிலக்கணம் ஓதியவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு பாடம் நினைவுக்கு வரும். அல்லாமா தஃப்தாஸானி (ரஹ்) அவர்களின் ‘முக்தஸருல் மஆனீ’யை விரித்து வைத்து உஸ்தாதுமார்கள் ‘மஜாஸ் அக்லீ’ என்ற பகுதியை நடத்தும்போது, வழிவழியாக வரும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வார்கள்: அமீர் நகரைக் கட்டினார். இஃது உண்மைக் கூற்று அன்று, உருவகக் கூற்று என்பது பாடம். ஏன்? அமீர் கட்டளையிட்டார், பொருள் தந்தார், அவ்வளவே. கட்டுதல் என்ற செயல் கொத்தர்களுடையது. செயலைச் செய்தவர்க்கு உரியதாக்காமல், அதற்குக் காரணமானவர்க்கு உரியதாக்கிச் சொல்வதால் இதற்கு மஜாஸ் என்று பெயர். இளமையில் இதைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். பின்னாளில் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் பார்த்தபோதுதான் அதன் ஆழம் விளங்கிற்று. இலக்கணம் கற்பிப்போர் உருவகம் என்று எச்சரித்த ஒன்றை, வரலாறு எழுதுவோர் உண்மையென்றே எழுதிச் சென்றுவிட்டனர்!

இந்த நோக்கோடு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைப் பார்ப்போம். திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள். திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள். வழியெங்கும் செங்கற்சூளைகள், கரும்புத் தோட்டங்கள். சூளையிலும் கரும்பு வெட்டிலும் குடும்பம் குடும்பமாக உழலும் இருளர் மக்கள் இப்பகுதியில் மிகுதி. கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று அன்றாடம் கூலிக்குப் போவோரும், சென்னையில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ரயிலேறுவோரும் ஏராளம். சென்னையின் அடுக்கு மாளிகைகளில் இந்த மண்ணின் கல்லும் செங்கல்லும் கைகளும் கலந்திருக்கின்றன. இம்மக்களைக் கலை எவ்வாறு மதித்திருக்கிறது என்பதே நாம் இங்கே ஆராயப் புகுவது.

அவ்வாறு சென்னை சென்றவர்களுள் மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைக் காணாதவர் அரிது. நான்கு ஆடவர், இடையில் ஒரு துண்டு மட்டும், நெம்புகோல் கொண்டு பெரும்பாறை ஒன்றைப் பெயர்த்துத் தள்ளுகின்றனர். 1959 ஜனவரி 25இல், குடியரசு நாளின் முன்தினம், அது அங்கே நிறுவப்பட்டது. அரசர்க்கும் ஆளுநர்க்கும் தளபதிகளுக்குமே வெண்கலம் வார்த்துப் பழகிய நகரத்தில் பெயரில்லாக் கூலியாட்கள் நால்வர்க்கு இடம் கிடைத்தது சிறு செய்தி அன்று. 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கூட்டம் நடத்தியதும் அந்தக் கடற்கரைப் பகுதியில்தான். இந்நாட்டில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை என்பர். இன்றும் மே தினத்தன்று தொழிற்சங்கத்தார் அச்சிலைக்கு வந்து சேர்கின்றனர்.

அதனைப் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் 1899இல் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929இல் ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஏறத்தாழ 28 ஆண்டுகள் அங்கே பணியாற்றி ஒரு தலைமுறை ஓவியர்களை உருவாக்கினார். 1954இல் தொடங்கிய லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர் அவர். 1958இல் பத்மபூஷண் பட்டமும் பெற்றார். மல்யுத்தத்திலும் வேட்டையிலும் விருப்பமுடையவர் என்பர். சிலையின் தோள்களையும் கெண்டைக்கால்களையும் பார்த்தால் தசையின் இயல்பை அறிந்தவர் செய்தது என்பது விளங்கும்.

அந்த நால்வர்க்கு மாதிரியாக நின்றவர்கள் யார்? ஓவியப் பள்ளியின் இரவுக் காவலாளர் சீனிவாசனும் ராமு என்பவரும் என்று சிலையின் வரலாற்றைச் சொல்வோர் எழுதியிருக்கின்றனர். இரவெல்லாம் பள்ளியைக் காத்தவர், பகலில் பாறை தள்ளுபவராக அசையாது நின்றிருக்கிறார். அவரது உடலைக் கடற்கரையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கின்றனர். சிலையை வடித்தவர் பெயரைக் கேட்டால் படித்தவர் சிலர் சொல்லக்கூடும். சிலையாக நின்றவர் பெயரைச் சொல்வோர் நூற்றில் ஒருவரும் தேறமாட்டார். நாம் சிலரைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம்.

சிலைக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயர் ‘உழைப்பின் வெற்றி’ என்று பொருள்படும். உழைப்பு என்பது ஒரு கருத்து. கருத்துக்குப் பசி இல்லை, கூலி பாக்கி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. தமிழ் மக்களோ அதனை உழைப்பாளர் சிலை என்றே அழைத்து வருகின்றனர். பேருந்து நடத்துநரின் வாயிலும் அதுவே வழக்கு. எவரும் சொல்லிக் கொடுக்காமலேயே மக்கள் கருத்தை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டனர். இந்தப் பெயர் மாற்றத்தில் உள்ள நுட்பம் நம்மை வியக்கச் செய்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நால்வரில் ஒரு பெண் இல்லை. சுமையடியில் கழுத்து நரம்பு புடைக்கக் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளும், பிறர் வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் பாறை தள்ளுவதில்லை என்பதாலோ என்னவோ, அந்த வெண்கலத்திற்குள் வரவில்லை.

சிலையைப் பற்றி ஒரு முஸ்லிம் இதழில் இத்தனை பேச்சா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உருவம் சமைப்பதில் நம் மார்க்கத்திற்குள்ள தடையை நாமும் ஓதியே வந்திருக்கிறோம். இங்கே நாம் தீர்ப்பு வழங்கவில்லை, வரலாறு பார்க்கிறோம். அந்தத் தடை இருந்த காரணத்தாலேயே நம் முன்னோர் உழைப்பவரை மதிக்க வேறொரு வழியைக் கண்டனர் என்பதுதான் நாம் சொல்ல விரும்புவது. உருவத்தை விட்ட இடத்தில் அவர்கள் பெயரைப் பிடித்தார்கள்.

மதரஸாப் பாடங்களுள் ஒன்றான ‘மகாமாத்துல் ஹரீரி’யை அறியாத ஆலிம் இல்லை. ஹரீரி ஹிஜ்ரி 516இல் மறைந்தார். அவரது நூலின் படி ஒன்றை ஹிஜ்ரி 634இல், அதாவது 1237இல், எழுதி 99 ஓவியங்களால் அணிசெய்தவர் யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ. பாரிஸ் தேசிய நூலகத்தில் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஒரு சிற்றூர்க் காட்சி உண்டு. பள்ளிவாசல் இருக்கிறது, குளத்தடியில் ஆடுமாடுகள் நிற்கின்றன, கோழி இருக்கிறது, ஓரமாக ஒரு பெண் தக்களியில் நூல் நூற்கிறாள். சொல்லலங்காரத்திற்கே பெயர் போன ஒரு நூலில் ஓவியர் தாமாக இந்த ஏழைப் பெண்ணுக்கு இடம் தேடியிருக்கிறார். அரபு உலக ஓவியமும் அரண்மனைக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

அடுத்துச் சொல்லப் போவது ஒரு பித்தளைப் பாத்திரத்தின் கதை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மம்லூக் காலத்துப் பெரும் பாத்திரம் ஒன்று உள்ளது. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டது. வெள்ளியும் பொன்னும் பதித்தது. கை கழுவும் நீர் ஏந்துவதற்குரியது. பின்னாளில் எப்படியோ பிரெஞ்சு அரசர் கைக்குப் போய், அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்விக்கும் பாத்திரமாயிற்று. அதைச் செய்த கைவினைஞர் முஹம்மத் இப்னுஸ் ஸைன், தம் பெயரை அதில் ஒரு முறை அன்று, ஆறு முறை பொறித்திருக்கிறார். ஒன்று விளிம்பருகே முறையாக அமைந்தது. மற்ற ஐந்தும் சித்திரத்திற்குள் சிறு எழுத்தில் மறைந்திருப்பவை. யார் அந்தப் பாத்திரத்தைச் செய்யச் சொன்னார் என்பது இன்றுவரை ஆராய்ச்சியாளர்களின் விவாதத்தில் இருக்கிறது. செய்தவர் பெயரில் விவாதமே இல்லை. அமீரின் பெயர் போய், கொல்லனின் பெயர் நின்ற அரிய நிகழ்ச்சி இது.

அவர் பெயருக்கு முன் இருக்கும் சொற்கள் ‘அமல்’, ‘முஅல்லிம்’ என்பன. இன்னாரின் வேலைப்பாடு என்ற பொருளில் ‘அமல்’ அங்கே நிற்கிறது. நம் வீடுகளில் அமல் என்றால் தொழுகை, நோன்பு, தஸ்பீஹ் என்றே எண்ணுகிறோம். அச்சொல்லின் முதற்பொருள் வேலை என்பதை மறந்துவிட்டோம். முஅல்லிம் என்பது நம்மிடையே ஓதிக் கொடுப்பவரைக் குறிக்கும். அரபு நாடுகளில் கொல்லர்க்கும் தச்சர்க்கும் கொத்தர்க்கும் அதுவே மரியாதைப் பெயர். நம் கடற்கரை ஊர்களில் கப்பல் செலுத்தியவரை ‘மாலிமி’ என்றதும், தமிழில் ‘மாலுமி’ என்று வழங்குவதும் இச்சொல்லிலிருந்தே பிறந்தன என்பர். ஓதிக் கொடுப்பவரும் உலோகம் தட்டுபவரும் ஒரே பட்டப்பெயரில் அமர்ந்திருப்பது ஓதிக் கொடுக்கும் நமக்குப் பெருமையாகவே தோன்றுகிறது.

வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் இனி வருவோம். அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுக் காலம் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் கடிந்த சொல் தம்மேல் விழவில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். சமைத்துக் கொண்டுவரும் பணியாளை உடனமர்த்தி உண்ணச் செய்யுமாறும், அதற்கு இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுக்குமாறும் நபிகளார் பணித்தார்கள். அடுப்பின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரே என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். இவை வாசகர்கள் நன்கறிந்த ஹதீஸ்கள்.

பள்ளிவாசலைப் பெருக்கிய பெண்ணின் செய்தியும் அறிந்ததே. மதீனாப் பள்ளியைக் கூட்டித் துப்புரவு செய்து வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இரவில் இறந்துபோனார். தோழர்கள் நபிகளாரை எழுப்பவில்லை. தாமே அடக்கம் செய்துவிட்டனர். அவருடைய விஷயத்தை அவர்கள் சிறிதாக எண்ணியதுபோல் இருந்தது என்று ஹதீஸ் சொல்கிறது. பின்னர் அவரைக் காணாது விசாரித்த நபிகளார், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுறைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுவித்தார்கள். ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவ்விரண்டிலும் அப்பெண்ணின் பெயர் இல்லை.

இங்கேதான் நம் முன்னோரின் ஒரு கலை தொடங்குகிறது. ஹதீஸ்களில் ‘ஒரு மனிதர்’, ‘ஒரு பெண்’, ‘ஓர் அடிமை’ என்று பெயரின்றி வருவோர் யார் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே தனித்துறை ஒன்று எழுந்தது. ‘முப்ஹமாத்’ என்பது அதன் பெயர். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதி (ரஹ்) இதற்கெனத் தனி நூல் இயற்றினார்கள். இமாம் நவவி (ரஹ்) அதனைச் சுருக்கினார்கள். ஸ்பெயின் நாட்டு இப்னு பஷ்குவால் (ரஹ்) பெருநூல் செய்தார்கள். ஹிஜ்ரி 852இல் மறைந்த ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) தம் புகாரி விரிவுரையில் பக்கந்தோறும் இத்தேடலை நடத்துகிறார்கள். பள்ளி பெருக்கிய அப்பெண்மணியின் பெயர் உம்மு மிஹ்ஜன் என்பது வேறு அறிவிப்புகளின் துணையால் நமக்குக் கிடைத்தது இவ்வாறே. நபிகளாரின் மிம்பரைச் செய்தவர் ஓர் அன்ஸாரிப் பெண்மணியின் அடிமையான தச்சர். ஃகாபா என்னுமிடத்து மரத்தை வெட்டி மூன்று படிகளாக அதனை அமைத்தார். அந்தத் தச்சரின் பெயர் என்ன? ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெயர்களை எடுத்துவைத்து, ஒவ்வோர் அறிவிப்பின் வலிமையையும் எடைபோட்டு, மைமூன் என்பதே ஏற்புடையது என்று இப்னு ஹஜர் (ரஹ்) முடிக்கிறார்கள். மார்க்கச் சட்டம் எதுவும் அத்தச்சரின் பெயரைச் சார்ந்து நிற்கவில்லை. அவர் பெயர் மைமூன் ஆயினும் பாகூம் ஆயினும் ஜும்ஆவின் விதி மாறாது. எட்டு நூற்றாண்டு கழித்து ஒரு மாபெரும் அறிஞர் கூலிக்காரர் ஒருவரின் பெயருக்காக ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? அப்பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அவர்கள் கருதியதே காரணம். இதனைக் கலை என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்பதே நம் விடை.

துருக்கி நாட்டில் இம்மனப்பான்மை கணக்குப் புத்தகமாக வடிவெடுத்தது. இஸ்தான்புல்லில் 1550 முதல் 1557 வரை சுலைமானியாப் பள்ளிவாசல் எழுந்தது. ஸினான் என்ற பெயரை எல்லாரும் அறிவர். அக்கட்டுமானத்தின் கூலிக் கணக்கேடுகள் ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்தன. உமர் லுத்ஃபி பர்கான் என்ற வரலாற்றறிஞர் அவற்றை ஆராய்ந்து 1970களில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். எவ்வூர்க் கல்தச்சர் வந்தார், அவர் முஸ்லிமா கிறிஸ்தவரா, எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி பெற்றார் என்பதெல்லாம் அவற்றிலிருந்து வெளிப்பட்டன. அந்த ஏடுகளைப் பார்த்தபின் அமீர் கட்டினார் என்ற மஜாஸைச் சொல்ல நா கூசும். நம் தமிழகத்தும் இதற்கு ஒப்பானது இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, பணிப்பெண்கள் நானூற்றுவரின் பெயரையும் அவரவர் குடியிருந்த வரிசையையும் வீட்டையும் ஒருவர் விடாமல் சொல்கிறது. கொடுக்க வேண்டிய நெல்லின் கணக்குக்காகத்தான் அது எழுதப்பட்டது. கணக்குக்காக எழுதியதே அவர்களை ஆயிரம் ஆண்டு வாழ வைத்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் விழுப்புரம் மண்ணிலேயே இப்பணியைச் சொல்லால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். விழுப்புரம் அரசு கல்லூரியில் தமிழ் கற்பித்த த. பழமலய், 1988இல் ‘சனங்களின் கதை’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். தம் ஊரின் எளிய மனிதர்களையும் தம் உறவினர்களையும், பேச்சுத் தமிழின் வாடை நீங்காமல், கவிதைக்குள் கொண்டுவந்தார். இவர்களெல்லாம் கவிதைக்குரிய பொருளா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். பிறகு அவ்வழியில் எழுதியோர் எத்தனை பேர்! பக்கத்துக் கடலூர் மாவட்டத்து இமையம் 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில், ஊர்த்துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணை நடுநாயகமாக்கினார். படிக்கும் எவரும் அப்பெயரை மறக்க மாட்டார்.

நிழற்படக் கலையிலும் ஒரு சான்று உண்டு. சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் சுற்றி, வயலிலும் சூளையிலும் உழைக்கும் பெண்களைப் படமெடுத்து ஒரு கண்காட்சி அமைத்தார். வேலை கண்ணுக்குத் தெரிகிறது, வேலை செய்யும் பெண் தெரிவதில்லை என்பது அதன் தலைப்பின் கருத்து. அவர் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகம், படத்தோடு பெயர், தொழில், ஊர் மூன்றையும் பதிவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1849இல் தீட்டிய ‘கல் உடைப்போர்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தில் கிழவரும் இளைஞரும் உழைக்கின்றனர், முகம் மட்டும் நமக்குத் தெரியாது. அவ்வோவியமும் 1945இல் போரில் அழிந்தது. முகம் தெரியாத ஓவியத்திலிருந்து பெயரும் ஊரும் சொல்லும் படத்திற்கு வந்து சேரக் கலைக்கு நூற்றைம்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்தது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இல் அமைந்தது. வீட்டுப் பணியாளர்க்கான சர்வதேச உடன்பாட்டை உலகத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16இல் ஏற்றது. வாரியத்தில் பதிந்தவர்க்கு ஓர் அட்டை தருவார்கள். நிழற்படம், பெயர், தொழில் அதில் இருக்கும். அதை உறையில் போட்டுப் பத்திரமாய் வைத்திருக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். உதவித்தொகைக்கான அட்டைதான். ஆனாலும் தம் பெயரும் தம் தொழிலும் ஒரே தாளில், அரசு முத்திரையோடு அச்சாகியிருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டும் விதத்தில் வேறொன்றும் தெரிகிறது.

நம் வீடுகளில் பல்லாண்டு வேலை செய்த பெண்ணின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? ‘வேலைக்கார அம்மா’, ‘பாத்திரம் தேய்க்கிறவங்க’ என்பதற்கு மேல் சொல்ல முடிகிறதா? நிக்காஹ் ஆல்பத்தைப் புரட்டினால் மணமகனின் நண்பருக்கு நண்பர்வரை படத்தில் இருக்கிறார். நான்கு நாள் விடியுமுன் வந்து இரவு வரை நின்ற அந்தப் பெண் எங்காவது ஓர் ஓரத்தில் பாதி உடலாகத் தெரிவார், தற்செயலாக விழுந்ததுபோல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசக அன்பர்கள் ஒரு முறை தத்தம் ஆல்பத்தை எடுத்துப் பார்க்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு வார்த்தை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் எத்தனையோ பள்ளிகள் அண்மையில் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டுள்ளன. வாயிலில் பளிங்குக் கல் பதிப்பது வழக்கம். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முத்தவல்லி, நிர்வாகிகள், நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும். இப்போது கட்டட வரைபடம் வரைந்த பொறியாளர் பெயரும் சேர்ந்திருக்கிறது. கொத்தனார் பெயர் இருந்து நாம் பார்த்தது ஒரே ஒரு கல்லில், அதுவும் அவர் அவ்வூர் ஜமாஅத்தைச் சேர்ந்தவராய் இருந்ததனால். பளிங்குக் கல்லில் இடம் போதாது என்பார்கள், அது மெய்யே. ஏட்டில் இடம் போதும் அல்லவா? கட்டுமானக் கணக்கை எல்லா ஜமாஅத்தும் எழுதியே தீரும். மணல் எத்தனை லோடு, கம்பி எத்தனை டன், சிமெண்டு எத்தனை மூட்டை என்று நுணுக்கமாய் எழுதும் அந்த ஏட்டில், ‘சித்தாள் 6’ என்று ஒரு வரி வரும். அடுத்த முறை கணக்கெழுத அமரும் இளைஞர் அந்த ஒரு வரியை ஆறு வரியாக்கி, ஆறு பேரையும் பெயர் கேட்டு, ஊரும் கேட்டு எழுதட்டும். ஏடு நிறைந்ததும் அதனைப் பழைய தாள் கடைக்குப் போடாமல், குர்ஆன் பிரதிகளும் கிதாபுகளும் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கட்டும்.